வைக்கோல் முகங்கள்

கூம்பு முகமூடிக்குள் மூச்சு முட்டியது. ஓட்ஸ் வைக்கோல் தாடையைக் குத்தியது. சொறியவும் வழியில்லை.

நாங்கள் எட்டுப் பேர். தலை முதல் முழங்கால் வரை வைக்கோல். அழைப்பே இல்லாமல் ஓட்டலின் கல்யாணக் கூடத்துக்குள் நுழைந்தோம். அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்தில் இப்படி வைக்கோல்காரர்கள் வந்து மணப்பெண்ணோடு ஆடிவிட்டுப் போனால்தான் கல்யாணம் களைகட்டும்.

வாயைத் திறக்கக் கூடாது. முகத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் பெண்ணுக்கு ஆகாது.

எனக்கு அது வசதியாகப் போயிற்று. மணப்பெண் ப்ரோனா என் மகள்.

அவளுக்குப் பத்து வயதில் குடித்துக் கெட்டு வீட்டை விட்டுப் போன ஆள் நான். பத்திரிகை வரவில்லை. எதிர்பார்க்க எனக்கென்ன யோக்கியதை?

பக்கத்து ஊர் ஃபின்டன், வைக்கோல்காரர் கூட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்றான். யார் கல்யாணம் என்று தெரியாதவன் போலச் சரி என்றேன். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம், அவ்வளவுதான்.

பிடில் கிளம்பியது. மூன்றாவதாக என் முறை.

அவள் கை என் கைக்குள் வந்தது. வைக்கோலுக்குள் கூர்ந்து பார்த்தாள். காதருகே குனிந்தாள்.

"அப்பா... நீயாப்பா?"

ஐயோ!

ஆசையாகக் கேட்கிறாளா, கோபமாகக் கேட்கிறாளா? சத்தத்தில் பிரித்தறிய முடியவில்லை. முன்வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்று தலையாட்ட நினைத்தவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடினேன். கோழைப் பயல் நான்.

இரண்டு சுற்று காத்திருந்தாள். பிறகு கையை விட்டாள்.

சுவரோரம் போய் நின்றேன். நான்காவது ஆளோடு ஆடும்போதும் அவள் உதடு அதே மாதிரி அசைந்தது. ஐந்தாவது ஆளிடமும். ஆறாவது ஆளிடமும்.

அடக் கடவுளே! ஒவ்வொருத்தனிடமும் கேட்கிறாள். நான் வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

பாட்டு முடியட்டும், போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். நிஜமாகவே செய்தேன்.

கடைசி ஆள் பலமாகத் தலையாட்டினான்.

ப்ரோனா அவனைக் கட்டிக்கொண்டாள். வைக்கோல் நொறுங்க நொறுங்க, ஊரே பார்க்க அழுதாள். தொங்கிக்கொண்டிருந்த அவன் கைகள் தயங்கித் தயங்கி அவள் முதுகைத் தட்டின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளையில் சிரித்த அதே சிரிப்பு.

நான் எந்த முகத்தோடு போய் அதைக் கெடுப்பேன்?

எங்கள் கூட்டத் தலைவர் விசில் ஊதினார். வரிசையாக வெளியேறினோம்.

கார் நிறுத்துமிடத்தில் அந்தக் கடைசி ஆள் கூம்பைக் கழற்றி வேர்வையைத் துடைத்தான். ஃபின்டன்.

"அந்தப் பொண்ணு என்னமோ கேட்டுச்சு மச்சான். பிடில் சத்தத்துல ஒரு எழவும் காதுல விழல. கல்யாணப் பொண்ணாச்சேன்னு தலைய ஆட்டி வச்சேன், அதுக்குப் போய் அந்த அழுகை அழுதுச்சு. உங்கிட்டயும் கேட்டுச்சே, என்னது அது?"

"எனக்கும் கேக்கல" என்றேன்.