ஏரிக்கு அடியில் ஒரு வளைவு

"மோட்டார் இல்லாத படகுதான் வேணும். சத்தம் வந்தா ஏரியடிப் படம் கெட்டுடும்" என்று இன்ஜினியர் மார்லேனி சொன்னதால், ஃபோர்துனாத்தோவின் படகுக்கு யோகம் அடித்தது. அவர் துடுப்புப் போட, மனைவி எர்மெலிந்தா திசை பார்த்தாள். இன்ஜினியரின் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்ப, ஏரியடிச் சேறு அடுக்கடுக்காகத் திரையில் தெரிந்தது.

நடு ஏரியில், திரையில் வில்லாக ஒரு வளைவு.

"இரும்பு மாதிரி ஏதோ கிடக்கு. சேத்துக்கு மேலேயே இருக்கு, விழுந்து ரெண்டு வருஷம்கூட ஆகாது. எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

ஃபோர்துனாத்தோ அவசரமாகப் படகை நகர்த்தினார். போன வருஷம் படகோடு பிணைக்கும் ஸ்க்ரூவை முறுக்க மறந்து மோட்டாரை ஏரிக்குள் விட்டுவிட்டு, வீட்டில் 'திருடு போச்சு' என்று புளுகியிருந்தார்.

"கல்லா இருக்கும் மேடம்."

"கல்லேதான்!" என்று எர்மெலிந்தாவும் அடித்துச் சொன்னாள்.

அப்பாடா, சந்தேகமே வரவில்லை அவளுக்கு!

கரையில் படகைக் கட்டும்போது எர்மெலிந்தா அவர் காதோரம் குனிந்தாள்.

"ஸ்க்ரூவை நீ நல்லாத்தான்யா முறுக்கி வச்சிருந்தே. தினம் சாயங்காலம் சிச்சாக் கள்ளு குடிக்க அக்கரைக்குப் பறக்கிறியேன்னு நான்தான் தளர்த்தி விட்டேன்."