சத்தமில்லாமல் ஓடும் பாட்டு

பழுதுபார்த்து முடித்த செல்போன்கள் கடை மேசைமேல் வரிசையாகப் படுத்திருக்கின்றன. எல்லாத் திரைகளிலும் தங்கையின் முகம். அவளே மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டு ஒவ்வொன்றிலும் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கண்ணாடிக் கதவு வழியே வரும் மதிய வெயில் அவள் முகங்களின்மேல் பளபளக்கிறது. கதவருகே தங்கையே நிற்கிறாள். கையிலிருக்கும் சின்னத் திருப்புளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழிக்கிறான் அண்ணன். “நீதானா அது? புது ஆளுங்க கேக்கறாங்கன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேனே!” என்கிறாள் தங்கை. “கேட்டவங்க எண்ணிக்கை ஏறினா இன்னும் நாலு பேர் எட்டிப் பாப்பாங்கன்னு நெனச்சேன். வேலைக்கு இடைஞ்சலா இருந்துச்சு, சத்தத்தைக் குறைச்சுட்டேன்,” என்கிறான் அண்ணன்.

“ஒரே இடத்துல ஊமையா ஓடினா, மெஷின் வேலைன்னு நெனச்சு இந்தப் பாட்டு ஆப் என் பாட்டை ஓரங்கட்டிடும்ணா. ஒருத்தர் முழுசாக் கேட்டு, பிடிச்சுப்போய் சேத்து வச்சு, இன்னொருத்தருக்கு அனுப்பினாத்தான், அதே ரசனை உள்ள முன்பின் தெரியாதவங்ககிட்ட கொண்டுபோய்க் காட்டும்.” அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைச் சுடுகிறது. “சரி, கடைசியில என்ன பாடியிருக்கேன், சொல்லு.” அவன் பார்வை திரைகளுக்குத் தாவுகிறது. ஒரு திரையில் பாட்டு முடிந்து, மறுபடி ஊமையாகத் தொடங்குகிறது. அவன் குனிந்து தன் போனில் சத்தத்தைக் கூட்டுகிறான். கடை நிறைகிறது அவள் குரலால். போனை வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாள் முன்னால் சாய்கிறாள். “யாருப்பா பாடறது? நல்லாருக்கே!”

“கொஞ்சம் இருங்கம்மா,” என்கிறான், தலை நிமிராமல். “நானே இப்பத்தான் கேக்கறேன்.”