மாமனார் இசைத்தட்டு

மாமனாரின் சாம்பலைக் கடலில் கரைக்காமல், அவர் குரலோடு இசைத்தட்டாக வார்த்து வாங்கினார் என் கணவர் குலசேகரன். இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான். அதைப் போடுவதற்காகப் பழைய ரிக்கார்டு பிளேயர் ஒன்றைப் பிடித்து வந்து, என் சாப்பாட்டு மேசையிலேயே பிரித்துப் போட்டு, மூன்று மாதம் பெல்ட் மாற்றினார், எண்ணெய் விட்டார்.

திதியன்று, படைத்த பாயசத்துக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினார். “சாப்பாட்ட வீணாக்காதீங்க!” என்று இசைத்தட்டிலிருந்து மாமா அதட்டினார். பிளேயரின் புது முள் தட்டை ஆழமாகக் கீறியது. அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் தூள் திரண்டது. குலசேகரன் பழக்கதோஷத்தில் ஊதினார். அத்தனையும் பாயசத்தில் விழுந்தது.

நான் பாயசப் பாத்திரத்தைத் தூக்கினேன். “கொட்டிடுறேன்” என்றேன்.

“எங்கப்பாவ சிங்க்ல கொட்டுவியா?” என்று சீறியவர், இரண்டு டம்ளரில் ஆளுக்குப் பாதியாக ஊற்றினார்.