தெலுக் இந்தான் ஃபில்டர்

"எத்தன தடவ கொண்டாந்தாலும் ஓடல, நீயெல்லாம் மெக்கானிக்கா?"

"அக்கா, நான் சொல்றத மொதல்ல கேளுங்க லா! ஏர் ஃபில்டர்ல ஓட்ட. மரத்தூளெல்லாம் உள்ள போயி..."

"நீதானே கழட்டுன? நீதான் கிழிச்சிருப்ப!"

"நான் ஏங்க்கா கிழிக்கிறேன்? யாரோ குத்துன மாதிரி இருக்கு!"

"ஆமா, எங்க வீட்டு எலி ஆணி வச்சுக்கிட்டு குத்துது!"

புந்தோங்கில் இருந்த ரிப்பேர் கடையில் மெக்கானிக் மகேந்திரனும் கருப்பம்மாளும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் சன்னாசி பழைய செயின்சாவையும் ஒரு புது ஃபில்டரையும் மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

"இந்த மாடலுக்கு ஃபில்டர் கெடைக்காதுன்ன. தெலுக் இந்தான்ல கெடைச்சிருச்சு, பாரு. மாட்டு. இன்னிக்கே டுரியான் மரத்துல ஏறி காஞ்ச கெளையெல்லாம் அறுக்கணும்."

"இதுவும் ஓடலன்னா ரோட்டுல நின்னு உன் மானத்த வாங்குவேன்," என்றாள் கருப்பம்மாள்.

கைப்பேசி ஒலித்தது. சன்னாசி பேசிக்கொண்டே வெளியே போனார்.

ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு திரும்பிய மகேந்திரன் அப்படியே நின்றுவிட்டான். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, புது ஃபில்டரின் வலையைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தாள் கருப்பம்மாள்.

"அக்கா!"

"கத்தாத தம்பி. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன். மரத்துல ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல. வாங்குனதே ஓட்டன்னு சொல்லிரு, நான் இன்னும் நாலு திட்டு திட்டிக்கிறேன்."