கூடுதலாகப் பதினாலு பேர்

“தேங்க் யூ.”

பூட்டிய ஆபீஸுக்குள் ஒரு பெண் குரல். சுகிர்தாவுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

மணி எட்டு. ஆபீஸ் ஆட்களில் அவளைத் தவிர எல்லோரும் ஐந்தரைக்கே கிளம்பியாயிற்று. குரல், முன் ஹாலில் மாட்டியிருக்கும் வருகைப்பதிவு மிஷினுடையது. யாராவது விரல் வைத்தால்தான் அது வாய் திறக்கும்.

“தேங்க் யூ” என்றது மறுபடியும்.

கணக்கு அறை விளக்கை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு பிரஸ் செய்யும் கம்பெனி அது. ஆறு மாதப் பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி இருபது நாள்தான் ஆகிறது. அவள் இல்லாத சமயத்தில், வருகைப்பதிவு சாஃப்ட்வேரின் மாதச் சந்தா எகிறியிருந்தது. காலையில் முதலாளி பில்லை அவள் மேஜைமேல் போட்டுவிட்டு, நாளைக்குள் காரணம் வேண்டும் என்றார். பிள்ளை பெற்றவர்களுக்கு வேலையில் எங்கே கவனம் இருக்கப்போகிறது என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையும் விட்டார்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். கட்டணம் மிஷினுக்கு இல்லையாம், தலைக்காம். கம்பெனியில் நாற்பத்தொரு பேர். பதிவில் இருப்பதோ ஐம்பத்தைந்து பேர். அந்தப் பதினாலு பேரையும் சேர்த்தது யாரென்று கேட்டதற்கு, “சுகிர்தான்னு இருக்கு மேடம்” என்றாள்.

பிரசவத்துக்குப் போகும்போது பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சூப்பர்வைசர் பூவராகவனிடம் கொடுத்துவிட்டுப் போனவள் அவள்தான். திரும்பி வந்து அதை மாற்றவும் இல்லை.

இல்லாத ஆட்களின் பெயரில் சம்பளம் எடுக்கிற கதைகளை அவளும் கேட்டிருக்கிறாள். இந்த மனிதரா இப்படி? புருஷன் ஸ்டீபனுக்கு வேலை போய் நாலு மாதமாகிறது. மீஞ்சூர் வாடகையும் குழந்தையின் பால் பவுடரும் இவள் சம்பளத்தில்தான். யோசித்தால் ஆகாது என்று முதலாளிக்கு மெயிலை அடித்து வைத்துவிட்டாள். ‘என் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி பூவராகவன் போலிப் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்.’ அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பதினாலாவது ‘தேங்க் யூ’வோடு மிஷின் ஓய்ந்தது.

பதினாலு. சுகிர்தா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

நைட் ஷிஃப்ட் கான்ட்ராக்ட் ஆட்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவராக வெளியே நழுவிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி ஆளின் கட்டைவிரலில் இருந்த ஆயில் கறையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார் பூவராகவன். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

“இன்னாம்மா, இன்னும் ஊட்டுக்குப் போகலியா?”

அவள் வெளியே வந்து பில்லை நீட்டினாள். “இதெல்லாம் என் பேர்ல ஏறியிருக்கு சார்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

“வெரலுக்கு வெரல் துட்டா? மிஷினு நம்மளது, ஒரு தபா வாங்கியாச்சுன்னுல்ல நெனச்சுக்கினு இருந்தேன்.”

“இவங்களுக்குச் சம்பளம்?”

“அது கான்ட்ராக்டர் குடுக்கறான். நம்ம கம்பெனி சம்பள லிஸ்ட்ல ஒருத்தன் பேரும் கெடயாது. வேணும்னா பாத்துக்கோ.”

“அப்புறம் எதுக்கு சார் இது?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிரஸ்ஸில் இரண்டு விரலைப் பறிகொடுத்த கான்ட்ராக்ட் ஆள் கலியனைப் பற்றிக் கேள்விப்பட்டாளா என்று கேட்டார். அவள் லீவில் போன மறு வாரம் நடந்தது. நஷ்டஈடு கேட்டுப் போனால், அப்படி ஒரு ஆள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டானாம். அவன் நோட்டில் கலியன் பேரே இல்லை. பக்கத்தில் நின்று ரத்தத்தைப் பார்த்த சூப்பர்வைசர் பேச்சும் எடுபடவில்லை. கையில் எழுத்தாக ஏதாவது இருக்கிறதா என்று லேபர் ஆபீஸில் கேட்டார்களாம்.

“அதான்மா, இவனுங்களுக்கு வெரல் இருக்கசொல்லவே பதிஞ்சு வெச்சுட்டேன். போன பின்னாடி ரேகைக்கு எங்க போறது?”

பில்லை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“உன் பேர்ல போட்டது தப்புதான். காலைல மொதலாளியாண்ட நானே சொல்லிடறேன். அதிகமானத என் சம்பளத்துல புடிச்சுக்கட்டும். பேரை மட்டும் எடுத்துடாதம்மா.”

அவர் வாசல் பக்கம் நகர்ந்தார். அவள் கணக்கு அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டாள்.

பதினாலு பெயரையும் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். பில் பழையபடி ஆகிவிடும், வேலையும் தப்பும். அடித்து வைத்திருந்த மெயில் திரையில் அப்படியே நின்றது.

முழுவதையும் அழித்தாள். புதிதாக எழுதினாள்.

‘சார், பில் சரிதான். நம் மிஷின்களில் வேலை செய்வது ஐம்பத்தைந்து பேர். ஐம்பத்தைந்து பேருக்குத்தான் வந்திருக்கிறது. சேர்த்தது நான்.’

மறுபடி படித்துப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று உடனே அனுப்பினாள். பிறகு ஹாலுக்கு வந்தாள்.

“இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா சார்?”

பூவராகவன் தயங்கினார். “ரெண்டு பேர் இருக்கானுங்க. இன்னிக்குத்தான் வந்தானுங்க. உன்னப் பாத்துட்டு வெளியவே நின்னுக்கினு இருக்கானுங்க. வேணாம்மா, அடுத்த பில்லு இன்னும் ஏறிடும். கான்ட்ராக்டர் ஆளு வேற ரவுண்டு வர்ற நேரம்.”

“உள்ள வரச் சொல்லுங்க.”

இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு உள்ளே வந்தார்கள். சுகிர்தா அவர்களைத் தாண்டிப் போய், வாசல் கதவை உட்புறமாகத் தாழிட்டாள்.