அதே நட்டு

மன்னார்புரத்தில் மாமியார் வியாகுலம்மாள் நடத்தும் கடையில், பால் வைக்கும் குளிர்பெட்டி மறுபடியும் நின்றுவிட்டது. ஆள் அனுப்பினார். குளிர்பெட்டி ரிப்பேர்தான் என் தொழில். போனேன்.

கேஸ் கசிகிறதா என்று குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். போன மாதம் முடுக்கிய அதே நட்டில் குமிழி வந்தது. இறுக்கிவிட்டு, புதிதாக கேஸ் ஏற்றினேன்.

"கை கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை. மீன் குழம்பு இருக்கு."

என் மனைவி எமல்டா இறந்த பிறகு எனக்கு எதிலும் ருசி தெரிவதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"மெஷின் ஆடுறதுல நட்டு தளருது போல, அத்தை. கேஸ் வீணாப் போறது மட்டுமில்ல. அது மேலே போய் வானத்தையே ஓட்டை போடுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

மாமியார் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"மேலேயா போகுது?"

"ஆமா."

"எமல்டா இருக்கிற எடத்துக்கா?"

அவர் கல்லாவைத் திறந்து, நான் எப்போதோ தொலைத்த ஸ்பேனரை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிமே அந்த நட்டைக் கழட்ட மாட்டேன். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா நீங்க வர்றதில்ல. பெட்டி கெட்டுப்போச்சுன்னாதான் வர்றீங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, டூல்ஸ் பை இல்லாமல் கடைக்குப் போனேன்.

என் வெறுங்கையைப் பார்த்தார். "பெட்டி நல்லாத்தானே ஓடுது?"

எனக்குப் பசியே இல்லை.

"பசிக்குது அத்தை," என்றேன்.