முணுமுணுத்து விட்ட இடம்

அழுகிறாள். அப்படியென்றால் பாட்டு நன்றாகத்தான் வந்திருக்கிறது.

றாஹிலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ரெக்கோடருக்கு முன்னால் பாயில் இருந்த சுல்பிகா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொள்வதைக் கடைக்கண்ணால் பார்த்தபடி, சுளகிலிருந்த அரிசியில் கல் பொறுக்குவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தாள்.

கேசட்டுக்குள் றாஹிலாவின் குரல் பாடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கோழி கொக்கரித்தது. பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்த பாட்டு. கதவைச் சாத்தலாம், கோழியின் வாயை யார் சாத்துவது.

“உம்மாட படியிறங்கி, ஊரெல்லாம் பார்த்திருக்க, மாப்பிளை வாறாரே...”

அடுத்து மாப்பிள்ளையின் பெயர் வரவேண்டும். அந்த இடத்தில் மெட்டை மட்டும் முணுமுணுத்து விட்டிருந்தாள். பெயரைச் சுல்பிகா இன்னும் சொல்லவில்லை. சொந்தத்தில் ஒரு கலியாணம், பெண் நிந்தவூர், பேச்சு முற்றாகும்வரை வெளியில் கதைக்கக் கூடாது, அதற்குள் நீ பாட்டைக் கட்டிப் பதிந்து வை என்றுதான் சொல்லியிருந்தாள். கலியாண வீட்டில் பெண்கள் கூடியிருக்கும் அறையில் போடுவார்களாம்.

றாஹிலாவுக்குப் பாட்டுக் கட்டத் தெரியும் என்பது சுல்பிகாவுக்கு மட்டுமே தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு சுல்பிகாவின் அண்ணனை, அவளுடைய காக்காவையே, றாஹிலா கட்டியதில் மச்சிமாரும் ஆனார்கள். இத்தனை வருடமும் அடுப்படியோடு நின்றுபோன பாட்டு முதன்முதலாக நாலு பேர் காதில் விழப்போகிறது என்ற நினைப்பு றாஹிலாவைச் சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவும் விடவில்லை.

ரெக்கோடர் றாஹிலாவின் கணவர், பிள்ளையின் வாப்பா, சவூதியிலிருந்து அனுப்பியது. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் கதைத்து அனுப்புவார். நோன்புக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கேட்டபோது, “அவருக்கு வேல கூடவாம்” என்று சொல்லிவிட்டு சுல்பிகா வேறு கதைக்குப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்து கேசட் இரைந்தது. றாஹிலா அதை நிறுத்தினாள்.

“எப்பிடி மச்சி?”

“கோழி உன்னவிட நல்லாப் பாடுது.” சுல்பிகா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

“பகிடி உடாம உண்மையச் சொல்லுகா.”

“நல்லாரிக்கு. மெய்யாத்தான் சொல்றன். ஒரு வரிய மட்டும் மாத்து.”

“எந்த வரி?”

“உம்மாட படியிறங்கி எண்ட வரி.”

றாஹிலாவுக்குச் சுருக்கென்றது. அந்த வரியிலிருந்துதான் பாட்டே பிறந்தது. “அதுல என்ன பிழ? நம்மட பக்கம் மாப்பிளதானே உம்மாட ஊட்ட விட்டுட்டுப் பொண்ணுட ஊட்டுக்குப் போற. இவருக்கு உம்மா இல்லியா?”

“உம்மா இரிக்கா.”

“பின்ன?”

“அவரு உம்மாட ஊட்டால எறங்கல்ல.” சுல்பிகா பாயின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “உம்மாவ எடுத்துட்டு, பொதுவா ஒரு சொல்லப் போடன்.”

முதலில் றாஹிலா பாட்டுக் கட்டுபவளாகத்தான் யோசித்தாள். உம்மா வீட்டிலிருந்து இறங்காத மாப்பிள்ளை வேறு எந்தப் படியால் இறங்குவான். அது தெரிந்தால்தானே சொல் வரும். சாச்சி வீடு, மாமி வீடு என்று ஒவ்வொன்றாக மெட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு இந்த வீட்டை வைத்தாள். அரிசிக்குள் அவளுடைய விரல் அசையாமல் நின்றது.

“கலியாணம் எப்ப?”

“மாப்பிள ஊருக்கு வந்த உடன.”

“நிந்தவூர்ல பாட்டுக் கட்டுற பொம்புளையள் இல்லியா?”

“ஏன் இல்ல, இரிக்காங்க.” சுல்பிகா இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. “ஆனா உன்ட குரல் அந்த ஊட்டுல கேட்டா, ஊருல ஒருத்தரும் ஒரு கதையும் கதைக்கமாட்டாங்க. உம்மாவும் அதத்தான் சொன்னா.”

பிள்ளை உள்ளே சிணுங்கிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது. அந்தக் கண்ணீர் எதற்காக என்று றாஹிலாவுக்கு இப்போது விளங்கியது. பாட்டைக் கேட்டு அழவில்லை இவள். இவ்வளவு நாளும் எல்லாம் தெரிந்துகொண்டு வந்து, இந்த வீட்டுத் தேநீரைக் குடித்து, அந்த அடி நீளம், இந்த அடி கட்டை என்று பக்கத்திலிருந்து திருத்திக் கொடுத்தவள். அழுதுகொண்டுதான் பாடித் தரக் கேட்கிறாள். ஆனாலும் கேட்கிறாள்.

“சரி, அந்த வரிய விடு. அப்பிடியே இரிக்கட்டும்.” சுல்பிகா ரெக்கோடரை அவள் பக்கம் தள்ளினாள். “மாப்பிளைட பேர மட்டும் சேர்த்துப் பாடித் தா. அந்த ஒரு இடந்தானே பாக்கி.”

பெயர் என்னவென்று றாஹிலா கேட்கவில்லை. சுல்பிகாவும் சொல்லவில்லை.

றாஹிலா மூடியைத் திறந்து கேசட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“என்ட மாப்பிளைட பேர நான் வாயால சொல்ற இல்ல மச்சி.”